குளத்து மீன்கள் சொன்ன சாட்சி

கடலோர நாடு ஒன்றின் அரண்மனைக் குளத்தில், வாயிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி இலை மேல் இருக்கும் பூச்சியை வீழ்த்தித் தின்னும் மீன்கள் இருந்தன. ஒருநாள் அந்த வேடிக்கையைப் பார்த்து ராஜா சொக்கிப்போனார். "இவற்றை வளர்த்தவருக்குக் குளக்கரை வீடு சொந்தம்!" என்றார்.

"நான்தான் மகாராஜா! தினமும் என் கையால் இறால் போடுகிறேன்," என்று முந்திக்கொண்டார் திவான் வைத்திலிங்கம்.

உண்மையில் இறால் போட்டு வந்தவள் வேலைக்காரி செம்பாயி. அந்த வீட்டில்தான் அவள் குடியிருந்தாள். அது கைமாறினால் தெருவில்தான் நிற்க வேண்டும்.

"இறால் போடுவது நான், மகாராஜா," என்றாள்.

"அப்படியா? எங்கே, மீனைச் சாட்சி சொல்லச் சொல் பார்ப்போம்!" என்று சிரித்தார் திவான்.

"சொல்லுமே. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தை மட்டும் காட்டுவோம். முதலில் ஐயா காட்டட்டும்."

திவான் குனிந்தார். மீன்கள் தம்பாட்டுக்கு நீந்தின. செம்பாயி குனிந்தாள். சர் சர்ரென்று அவள் முகமெல்லாம் தண்ணீர்.

திவான் கைதட்டினார். "பார்த்தீர்களா மகாராஜா? மீனே இவள் முகத்தில் துப்பிவிட்டது!"

"துப்பவில்லை ஐயா, இறால் கேட்கிறது," என்று செம்பாயி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சாப்பாடு போடுகிற முகம் அதற்கு அடையாளம் தெரியும். உங்களிடம் கேட்டுப் பயனில்லை என்பதும் தெரிந்திருக்கிறது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். வீடு செம்பாயிக்கே கிடைத்தது.

மறுநாளிலிருந்து ராஜாவும் இறாலோடு குளத்துக்கு வரத் தொடங்கினார். ஒரு காலையில் மீசையிலிருந்து நீர் சொட்டச் சொட்டச் சபைக்குள் நுழைந்தார். சேவகன் துண்டோடு ஓடிவந்தான்.

"துடைக்காதே!" என்றார் ராஜா. "எல்லோரும் பார்க்கட்டும்."