ஒன்பது தட்டும் நாலு சில்லும்

முன்னொரு காலத்திலே, ஏழு கடலுக்கும் அப்பால், வானம் உப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுகிற ஒரு தேசத்திலே, ஒரு கொத்துரொட்டிக் கடை இருந்தது. காலம், போன தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. தேசம், கனடாவின் ஸ்காபரோ. கேட்கிறவர்கள் இடையிடையே "ம்" கொட்டவேண்டும். கொட்டாவிட்டால் எனக்கு ஒன்றுமில்லை, தில்லையம்பலத்தார்தான் கோபிப்பார்.

அன்றைக்குக் கடையில் இருந்தவர்களில் உண்மையான அவசரம் ஒருவருக்குத்தான். சுபத்திரா அக்கா. அவருடைய தம்பிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பலகாரத் தட்டு ஒன்பதும் கடை மேசையில் வரிசையாக இருந்தன. பயத்தம் பணியாரம், அரியதரம், முறுக்கு, லட்டு என்று ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரி அடுக்கி, கண்ணாடித் தாள் சுற்றி, சிவப்பு நாடா கட்டியிருந்தது. நாலரைக்கு ராகுகாலம். அதற்கு முன்னே தட்டுகள் மண்டபத்துக்குள் போயாகவேண்டும். தட்டு ஏற்ற வரவேண்டிய வான் வண்டியோ, அவருடைய புருஷனையும் சொந்தக்காரரையும் வைத்துக்கொண்டு ஹைவேயில் பனிக்குள் நிற்கிறது. டாக்சிக்காரன் இரண்டு மணித்தியாலம் ஆகும் என்று சொல்லிவிட்டான்.

சுபத்திரா அக்கா போனில் அடுத்த நம்பரைத் தேடும்போதுதான் மூலை மேசையிலிருந்து குரல் வந்தது.

"போனை வை பிள்ளை. என்ரை வண்டி நிக்கேக்கை நீ ஏன் அந்தரப்படுறாய்? இந்தத் தேத்தண்ணியைக் குடிச்சு முடிக்க விடு, பத்து நிமிசத்திலை கொண்டுபோய் இறக்கிறன்."

தில்லையம்பலத்தார். எங்கள் பக்கத்தில் அவரை நாலுசில்லுத் தில்லையம்பலம் என்றால்தான் தெரியும். நாலு சில்லும், அதாவது நாலு சக்கரமும், சேர்ந்து இழுக்கிற பெரிய கறுப்பு வண்டி ஒன்று வாங்கிய நாளிலிருந்து அவருக்கு அந்தப் பேர். ஏறுவதற்குப் படி வைத்த வண்டி. கண்ணாடிக்கு வெளியே கைகாட்டினார். வாகனம் நிறுத்துகிற இடத்தில், தூரத்து மூலையில், வெள்ளையாய் ஒரு மேடு தெரிந்தது. "அந்தா, போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். எழுப்பினால் போதும்."

சுபத்திரா அக்கா போனை வைத்தார். பிழை அங்கேதான் நடந்தது.

தேத்தண்ணி இருந்தது. ஆனால் தேத்தண்ணிக்குத் துணையாக ஒரு கதையும் வேண்டியிருந்தது. போன வருசம் முழங்காலளவு பனி விழுந்த அன்று, தன் தெருவில் பதினொரு கார் புதைந்துவிட்டதாம். இவர் ஒன்றோடொன்றைக் கயிற்றால் கட்டி, பதினொன்றையும் ஒரேயடியாக இழுத்தாராம். அவர் சந்தி தாண்டி மூன்றாவது லைட்டில் நிற்கும்போது கடைசிக் கார் இன்னும் வீட்டு வாசலை விட்டு வெளிக்கிடவில்லையாம். தண்டவாளத்துக்குக் கிட்டப் போனபோது கடவைப் படலை தானாக விழுந்து மணி அடித்ததாம். வருவது ரயில் என்று அது நினைத்துவிட்டதாம்.

கொத்துரொட்டிக்குக் காத்திருந்த புருஷனும் பெண்சாதியும் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டால் அவருக்குப் பெற்றோல் அடித்த மாதிரி.

கடையில் யோகலிங்கமும் இருந்தார். இரவு முழுக்க நகரத்துத் தெருக்களில் பனி தள்ளி உப்புப் போட்டுவிட்டு, அரைக்கண் மூடியபடி இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தெரு தன்னுடைய பாதைதான் என்றும், அன்றைக்கு அங்கே ஒரு காரும் புதையவில்லை என்றும் மெதுவாகச் சொன்னார்.

தில்லையம்பலத்தார் அசையவில்லை. பன்னிரண்டாவதாகக் கட்டி இழுத்தது யோகலிங்கத்தின் உப்பு லொறியைத்தான் என்றார். "நீ நல்ல நித்திரை, யோகு. எழுப்ப எனக்கு மனம் வரேல்லை."

சமையலறைக்குள் இருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கடைக்காரர் இரத்தினவேல் கொத்துவதை நிறுத்திவிட்டார். கொத்துரொட்டிக் கடையில் அந்தச் சத்தம் நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். தில்லையம்பலத்தாருக்கு அது கச்சேரி மேடையில் திரை விலகின மாதிரி இருந்திருக்கும்.

"அண்ணை, மூண்டு மணி" என்றார் சுபத்திரா அக்கா.

இதோ, என்று எழும்பி, குளிர்ச்சட்டையை எடுத்து, ஒரு கையை நுழைத்து, மற்றக் கை நுழைகிற நேரத்தில் அவருக்கு வடக்குப் பயணம் ஞாபகம் வந்துவிட்டது. வடக்கே ஒரு ஊருக்குப் போனாராம். அங்கே பனி எவ்வளவு என்றால் ஊரே இல்லை, மேலே வெறும் வெள்ளை வெளி. வண்டி அதன்மேல் பஞ்சுமெத்தையில் பூனை நடக்கிற மாதிரி நடந்ததாம். திடீரென்று டக்கென்று ஒரு சத்தம். வேகத்தடை என்று நினைத்து இறங்கிப் பார்த்தால், ஒரு வீட்டுப் புகைபோக்கி. அதற்குள்ளிருந்து ஆட்டிறைச்சிக் கறி மணந்ததாம். மணத்தைப் பிடித்தே நம்மட ஆட்கள் என்று கண்டுகொண்டு, சாப்பாட்டுக் கேரியரைக் கயிற்றில் கட்டி இறக்கினாராம். கீழேயிருந்து புட்டும் கறியும் வந்ததாம். கறியில் உப்புக் குறைவு என்று ஒரு துண்டு எழுதி மறுபடி இறக்கினாராம். உப்பும் வந்ததாம்.

வண்டிக்குப் பனி டயர் போட்டிருக்கிறீர்களா என்று யோகலிங்கம் கேட்டார். சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டார்.

பனி டயர் என்பது ஏலாத வண்டிகளுக்கு என்றார் தில்லையம்பலத்தார். நாலு சில்லும் இழுக்கிற வண்டிக்குப் பனி டயர் மாட்டுவது யானைக்குக் கைத்தடி கொடுக்கிற வேலையாம். வாங்கும்போது என்ன டயரோ, கோடையும் அதுதான் மாரியும் அதுதான்.

யோகலிங்கம் கோப்பையைக் கழுவும் தொட்டியில் வைத்துவிட்டு வந்தார்.

"வெளிக்கிடத்தான் அண்ணை அந்த நாலு சில்லு உதவும். பிறேக் பிடிச்சு நிக்கிறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு சில்லுதான்."

கொத்துரொட்டிப் பெண்சாதி தன் புருஷனைப் பார்த்தார். புருஷன் கூரையைப் பார்த்தார். அவரும் அந்த வருசம் பனி டயர் போடவில்லை என்று நினைக்கிறேன்.

நிற்கிற பேச்சு எதற்கு என்று தில்லையம்பலத்தார் ஏரிக்குப் போய்விட்டார். ஏரி உறைந்து கிடந்ததாம். நடு ஏரியில் போகும்போது ஐஸ் நாலாக வெடித்து, ஒரு துண்டில் ஒரு சில்லு நின்றதாம். வேறு வண்டி என்றால் அன்றைக்கே ஐயரைக் கூப்பிட வேண்டியதுதான். இது நாலு சில்லுக்கும் தனித்தனிப் புத்தி உள்ள வண்டி. ஒவ்வொரு சில்லும் தன் துண்டைத் துடுப்பு மாதிரி வலித்துக் கரை சேர்த்ததாம். கரையேறிப் பார்த்தால் அமெரிக்கா. பாஸ்போர்ட்டோ வீட்டு மேசை லாச்சிக்குள். என்ன செய்தார் என்றால், வந்த தடத்திலேயே ரிவேசில் திரும்பி வந்தாராம். மறுநாள் அந்தப் பக்கத்து அதிகாரிகள் தடத்தைப் பார்த்து, ஆரோ அங்கேயிருந்து கனடாவுக்கு ஓடிவிட்டான் என்று இன்றைக்கும் தேடுகிறார்களாம்.

இந்த முறை சிரிப்பு பெரிதாக வரவில்லை. சுபத்திரா அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, சேலைக்கு மேலே குளிர்ச்சட்டையைப் பூட்டி, முதல் தட்டைக் கையில் எடுத்துவிட்டார். மணி மூன்று இருபத்தைந்து. அவர் கண் சிவந்திருந்தது. பெண் வீட்டாருக்கு ஒன்பது தட்டு என்று சொல்லியாயிற்று. அவர்கள் தட்டு வைக்க ஒன்பது மனையும் போட்டு வைத்திருப்பார்கள்.

"வண்டியைத் திறவுங்கோ அண்ணை. நான் ஏத்துறன்."

எல்லோரும் வெளியே வந்தோம். இரத்தினவேல் பனி அள்ளுகிற சவள் கொண்டுவந்தார். யோகலிங்கம் அதை வாங்கி, மேட்டின் உச்சியில் ஒரு குத்து, பக்கத்தில் ஒரு குத்து. உழைத்த கை, நாலே தள்ளில் பாதி மேடு போய்விட்டது. கறுப்பு எங்கேயும் தெரியவில்லை. இன்னும் இரண்டு தள்ளு. உள்ளே கம்பி தெரிந்தது. பிறகு ஒரு கைபிடி. பக்கத்துச் சாமான் கடையின் தள்ளுவண்டி ஒன்று, பனிக்குள் சரிந்து கிடந்தது.

யோகலிங்கம் குனிந்து பார்த்தார். "சில்லு நாலும் சரியா இருக்கு" என்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தில்லையம்பலத்தாரைப் பார்த்தோம். அவர் மேட்டைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், மறுபடி மேட்டைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

"வண்டி தானா வெளிக்கிட்டுட்டுது. நான் அப்பவே நினைச்சனான். ஹைவேயில ஆக்கள் மாட்டுப்பட்டு நிக்கினம் எண்டு இந்தப் பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கும். அதுக்கு இளகின மனம்."

முந்தாநாள் வெள்ளிக்கிழமை தில்லையம்பலத்தாரின் தெருவில் உப்புப் போடும்போது ஒரு கறுப்பு வண்டியைக் கண்டதாக யோகலிங்கம் சொன்னார். அதன் மூக்கு கராஜுக்குள் இருந்ததாம். கராஜ் கதவு பூட்டினபடியே நொறுங்கியிருந்ததாம். அவ்வளவும் சொல்லிவிட்டு, சவளைத் தட்டிப் பனியை உதறினார்.

தில்லையம்பலத்தார் கையுறையைத் தேடுகிற சாட்டில் பொக்கெற்றுக்குள் கைவிட்டார். கையுறையோடு ஒரு சின்னக் கடதாசியும் வந்து பனியில் விழுந்தது. பஸ் துண்டு, அன்றைக்கு மத்தியானம் வாங்கிய டிக்கெட்.

சுபத்திரா அக்கா அதைக் குனிந்து எடுத்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினாலும் தகும், முக்கால் மணித்தியாலம் போய்விட்டதே. அவரோ துண்டைப் பார்த்தார், சந்தியைப் பார்த்தார். அங்கே ஒரு பஸ் பனியை மிதித்து மிதித்துப் போய்க்கொண்டிருந்தது. யோகலிங்கத்தின் ஆட்கள் உப்புப் போட்ட தெரு. அந்த பஸ் மண்டப வாசலால்தான் போகும். ஒருத்தி ஒன்பது தட்டோடு பஸ் ஏற முடியாது என்று அதை அவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை. இப்போது தலைகளை எண்ணினார்.

ஒரு தட்டுக்கு இரண்டு கை வேண்டும். அக்கா ஒன்று, யோகலிங்கம் இரண்டு, இரத்தினவேல் மூன்று, சமையலறை ஆட்கள் இரண்டு பேர், கொத்துரொட்டிச் சோடி, நான். எட்டு. மாப்பிள்ளை வீட்டுத் தட்டு இரட்டைப்படையில் போகக்கூடாது. ஏழாக்கினால், மிச்சம் இரண்டும் எங்கே என்று கேள்வி வரும்.

அவர் பஸ் துண்டைத் தில்லையம்பலத்தாரிடம் நீட்டினார்.

"இது மூண்டே முக்கால் மணி மட்டும் செல்லும் அண்ணை. லட்டுத் தட்டு உங்களுக்கு. சரிக்காமல் கொண்டு வாங்கோ."

அந்தரப்படுகிறவர்களுக்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்பது தட்டும் நாலு மணி பத்துக்கு மண்டபத்துக்குள் போயின. மாப்பிள்ளை வீட்டில் இவ்வளவு ஆட்களா என்று பெண்ணின் பெரியம்மா கேட்டாராம். கொத்துரொட்டிச் சோடிக்கு முதல் பந்தியில் இடம் கிடைத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அது அந்த வாகனத் தரிப்பிடத்திலேயே முடிந்துவிட்டது.

இரத்தினவேல் கடையைப் பூட்டினார். முன்னே சுபத்திரா அக்கா, பின்னே நாங்கள், ஒருவர் மிதித்த குழியில் மற்றவர் கால்வைத்து வரிசையாகப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். ஒன்பதாவது ஆளைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தேன்.

தில்லையம்பலத்தார் லட்டுத் தட்டை இரு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி, தள்ளுவண்டியை இடுப்பால் இடித்து இடித்து ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"திரும்பி வந்தால் நிப்பாட்ட இடம் வேணுமெல்லே, தம்பி" என்றார்.

கடைசியாக ஒரு இடி இடித்து, இடம் போதுமா என்று அளந்து பார்த்துவிட்டு, லட்டு ஒன்றுகூட உருளாமல், எங்கள் கால்தடத்தில் தன் காலை வைத்து நடந்து வந்தார்.