ஒத்து ஊதுகிறவர்களுக்கு உள்ளே இடமில்லை

விசயகேசரி மகாராஜாவுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் வைத்த விருந்துக்குப் போனவர், அங்கே நாற்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து வாசித்ததைக் கேட்டுவிட்டார். பாட்டைவிட அவரை மயக்கியது நாற்காலி வரிசைதான். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு முதல் நாற்காலி. அதில் உட்கார்ந்தவர்தான் அந்த வரிசைக்கே எஜமான். ஊர் திரும்பியதும், "நம் அரண்மனைக்கும் இப்படி ஒரு கோஷ்டி வேண்டும்" என்றார். வந்தது வினை!

முதல் வீணை, முதல் மிருதங்கம், முதல் புல்லாங்குழல் என்று ஆளாளுக்கு முதல் ஆனார்கள். ஒரு தடவை உட்கார்ந்தவர் எழுந்ததாகச் சரித்திரமே இல்லை. முதல் வீணைக்குக் காது போய் இரண்டு வருஷம் ஆகியும் நாற்காலி போகவில்லை. முதல் புல்லாங்குழலுக்குப் பல் கொட்டிவிட்டது. வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் முதல் காற்று அல்லவா? இரண்டாம் நாற்காலிக்காரர்கள் தினமும் காலையில் முதல் நாற்காலிக்காரரின் உடம்பை ரொம்ப அக்கறையாக விசாரிப்பார்கள். "நேற்று இருமினீர்களாமே அண்ணா?"

இத்தனை முதல்களுக்கும் முதல், முதல் நாகஸ்வரம் அய்யாக்கண்ணு. அவருக்குப் பின்னால் நாற்காலிகூட இல்லாமல் நின்றுகொண்டு ஒத்து ஊதுகிறவன் பக்கிரிசாமி. ஒத்து என்பது நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கிற குழல். ஒரே சுரம்தான். கன்னம் உப்ப, மூச்சு அறாமல், கச்சேரி முடியும்வரை அதையே ஊதவேண்டும்.

விஜயதசமிக் கச்சேரியில் அய்யாக்கண்ணு மேலே ஏறினார். ஏறினவர் சுருதியை விட்டு விலகினார். பக்கிரிசாமியோ நின்ற இடத்திலேயே நின்றான். கேட்டவர்களுக்கெல்லாம் பல் கூசியது. மறுநாள் சபையில் அய்யாக்கண்ணு ஓவென்று அழாத குறை.

"மகாராஜா, நான் போகிற இடத்துக்கு இவன் கூட வரமாட்டேன் என்கிறான். பின்னாலிருந்து கச்சேரியையே கெடுக்கிறான். இருபத்தாறு வருஷமாக ஒரே சுரம்! கொஞ்சமாவது முன்னேற்றம் உண்டா?"

"இருபத்தாறு வருஷமாக ஒன்றையேவா?" மகாராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமேல் ஒத்து ஊதுகிறவன் எவனும் என் அரண்மனை வாசலை மிதிக்கக்கூடாது!"

"ஆஹா! என்ன தீர்க்கதரிசனம்!" என்றார் திவான் வெங்கோபராவ்.

"பேஷ், பேஷ்!" என்றார் சேனாதிபதி. ஆஸ்தானப் புலவர் அங்கேயே ஒரு வெண்பாவை எடுத்துவிட்டார்.

மகாராஜா ஓரமாக நின்ற அம்பலராயனைப் பார்த்தார். அம்பலராயனுக்குப் பெரிய பதவி ஒன்றும் கிடையாது. மகாராஜாவிடம் வாய் கொடுக்கிற தைரியம் ஒன்றுதான் அவன் உத்தியோகம். "அம்பலராயா, நீயே வாசலில் நின்று இதை நிறைவேற்று. தாட்சண்யம் பார்த்தாயோ, தொலைத்துவிடுவேன்!"

சபை கலைந்ததும் பக்கிரிசாமி அம்பலராயன் காலில் விழாத குறையாக வந்து நின்றான்.

"ஐயா, இருக்கிற வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. நாலு புள்ளைங்க. இதை விட்டா வேற தொழில் தெரியாதுங்க. நான் என்னங்க தப்பு பண்ணேன்?"

"நீ தப்பவே இல்லை. அதுதான் நீ பண்ணின தப்பு" என்றான் அம்பலராயன். "காலையில் வாசலுக்கு வா. மூட்டையைக் கட்டாதே."

விடிந்தது. வாசலில் அம்பலராயன் ஈட்டிக்காரர்கள் நாலு பேரோடு நின்றான். திவான் பல்லக்கில் வந்து இறங்கினார்.

"மன்னிக்கவேண்டும் திவான்ஜி. உள்ளே விட உத்தரவில்லை."

"என்ன விளையாட்டு இது? நான் யார் தெரியுமா?"

"தெரியாமல் என்ன? நேற்று மகாராஜா பேசி வாய் மூடுவதற்குள் என்ன சொன்னீர்கள்?"

"தீர்க்கதரிசனம் என்றேன்."

"போன மாதம் அரசர் குளத்தைத் தூர்க்கச் சொன்னபோது?"

"அப்போதும் அதேதான்... அதனால் என்ன?"

"அதற்கு ஊரில் என்ன பேர் சொல்லுவார்கள், திவான்ஜி?"

திவான் முகம் வெளுத்துப்போனது. அடுத்து வந்த சேனாதிபதிக்கும் அதே மரியாதைதான். பொக்கிஷக்காரர், ஜோசியர், மைத்துனர் எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்றார்கள். புலவர் மட்டும் பதறிப்போய், "ஐயையோ, நான் ஒத்து ஊதுகிறவன் இல்லை! வேண்டுமானால் ஜால்ரா என்று சொல்லுங்கள்!" என்றார்.

"ஜால்ராவுக்குத் தடையில்லை. தாராளமாகப் போங்கள்."

மகாராஜா சபைக்கு வந்து பார்த்தால், புலவர் ஒருத்தர்தான் இருக்கிறார்.

"என்ன இது, சபை காலியாகக் கிடக்கிறது?"

"ஆமாம் மகாராஜா, என்ன அழகான காலி!"

அரசர் தலையில் அடித்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். "அம்பலராயா! ஒரு குழல்காரனை நிறுத்தச் சொன்னால் என் சபையையே நிறுத்திவிட்டாயே!"

"தாட்சண்யம் பார்க்காதே என்றீர்களே மகாராஜா! ஒத்து ஊதுகிறவர்களை ஒவ்வொருத்தராகக் கழித்தேன். மிச்சம் யாருமில்லை. ஒருத்தன் விஷயத்தில்தான் சந்தேகம். தாங்களே விசாரிக்கவேண்டும்." பக்கிரிசாமியை முன்னால் தள்ளினான்.

மகாராஜா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நேற்று நான் போட்ட உத்தரவு சரியா, தப்பா?"

பக்கிரிசாமி குனிந்து கும்பிட்டான். ஆனாலும், "தப்புங்க மகாராஜா" என்றான்.

"என்னது! தலை போய்விடும், ஜாக்கிரதை. சரியா, தப்பா?"

"தப்புங்க."

அரசர் குரலைக் குழைத்தார். "இதோ பார். சரி என்று ஒரு வார்த்தை சொல். முதல் நாற்காலி, பட்டுச் சால்வை, சொந்தமாக வீடு, எல்லாம் தருகிறேன்."

பக்கிரிசாமி கண்ணில் தண்ணீர் முட்டியது. "தப்பு தப்புதானுங்களே" என்றான்.

"பார்த்தீர்களா மகாராஜா?" என்றான் அம்பலராயன். "பயத்துக்கும் ஏறவில்லை, பரிசுக்கும் இறங்கவில்லை. அய்யாக்கண்ணு விலகியபோதும் இப்படித்தான் நின்றான். இந்த அரண்மனையில் ஒத்து ஊதத் தெரியாத ஒரே ஆள், நம் ஒத்துக்காரன்தான்!"

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெயிலில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் நிறுத்தியதும் நிறுத்தினார்கள்.

"பக்கிரிசாமி, உன் வீடு உனக்கே. இனி உன் நாற்காலி என் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில். நான் தப்பிப் போனால் நீதான் சொல்லவேண்டும்" என்றார் அரசர்.

"ஆஹா! என்ன தீர்க்கதரிசனம்!" என்று அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அம்பலராயன் மெதுவாகக் கேட்டான்: "மகாராஜா, கதவை மறுபடியும் சாத்தட்டுமா?"