யானை பீய்ச்சிய தண்ணீர்

மூங்கில் காடு ஒன்றின் நடுவே பெரிய குளம். அதில் மிதக்கும் கூடு கட்டி, முக்குளிப்பான் என்னும் நீர்ப்பறவை இரண்டு குஞ்சு பொரித்திருந்தது.

ஒரு காலை அது பூச்சி பிடிக்கக் கரையேறியது. அங்கே ஒரு வண்டி குடைசாய்ந்து நல்லெண்ணெய் கொட்டிக் கிடந்தது. பறவை அந்த எண்ணெயில் விழ, இறகெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டன. குளத்தில் இறங்கினால் மிதக்க முடியாமல் மூழ்கியது. மேலே ஒரு பருந்து கூட்டைக் குறிவைத்து வட்டமிட்டது.

பலத்தை மட்டுமே நம்பும் யானை ஓடி வந்து, தும்பிக்கை நிறையத் தண்ணீர் மொண்டு பறவையின் மேல் பீய்ச்சியது. தண்ணீர் உருண்டோடியது; எண்ணெய் அப்படியே இருந்தது. தண்ணீர் போதவில்லை என்று மறுபடி பீய்ச்சியது. அதுவும் போதவில்லையாம். பத்தாவது தடவை பறவையே சேற்றில் உருண்டது. சொல்லும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது, பிள்ளைகளே.

யோசித்துச் செய்யும் முள்ளம்பன்றிக்கும் பொறுக்கவில்லை.

"அண்ணே, குளத்தையே கொட்டினாலும் போகாது. தண்ணீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு பெரிய அணு, இரண்டு சின்ன அணு. பகிர்ந்துகொள்ளும் எலக்ட்ரான்களைப் பெரியது தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு பக்கம் எதிர்மின், மறுபக்கம் நேர்மின். அந்த முனைகளால்தான் தண்ணீர் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெயில் பெரும்பாலும் சமபங்கு, முனையே இல்லை. தண்ணீர் எதைப் பிடித்து இழுக்கும்?"

யானை நிதானமாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் தண்ணீர் போதவில்லை" என்றது.

முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டு, பூந்திக்கொட்டைகளைப் பொறுக்கிக் கடித்து, தண்ணீரில் கசக்கி நுரை எடுத்தது. அந்த நுரையின் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெயோடு சேரும். அதைப் பறவையின் இறகில் தேய்த்தது.

"இப்போது ஊற்றுங்கள். மெதுவாக."

யானை ஊற்ற, நுரையோடு எண்ணெயும் வழிந்து போனது. பறவை வெயிலில் காய்ந்து, அலகால் இறகைக் கோதி, குளத்தில் பாய்ந்தது. பருந்து இறங்குவதற்குள் குஞ்சுகளைச் சிறகுக்குள் இடுக்கிக்கொண்டு நாணலுக்குள் நுழைந்துவிட்டது.

யானை தும்பிக்கையை உயர்த்திப் பெருமையாகச் சொன்னது: "பார்த்தாயா தம்பி? பதினோராவது தடவையில் போய்விட்டது."

முள்ளம்பன்றி தன் வளைக்குப் போய்விட்டது.

நீதி: சேராத இரண்டைச் சேர்ப்பது பலம் அல்ல, இரண்டோடும் சேரத் தெரிந்த ஒன்று.