ராஜாவின் பல்லக்கு மணலில் சிக்கிய கதை

கடலும் ஆறும் கலக்கிற இடத்தில், முன்னொரு காலத்தில், முகிலாபுரி என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவர் மகரகேசரி ராஜா. நல்ல மனசுக்காரர்தான்; ஆனால் காலையில் ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும்.

அவருடைய புதுக் கப்பல் முதல் பயணம் முடித்துத் திரும்பியபோது, கடல் வற்றுகிற நேரமாகப் பார்த்து முகத்துவாரத்துக்குள் நுழைந்தது. ஊரே கூடிப் பார்க்க, சேற்றில் தட்டி நின்றுவிட்டது. ராஜாவுக்கு அவமானம் தாங்கவில்லை.

"என் ஆற்றில் என் கப்பலே வர முடியவில்லையா?" என்று சபையில் கத்தினார்.

பூதலராயர் என்ற பிரதானி சட்டென்று எழுந்தார். அமைச்சர் வெண்காடர் மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை.

"அரசே, குற்றமெல்லாம் கண்டல்குப்பத்தின் பக்கம்தான். அங்கே ஆற்றிலிருந்து உப்பங்கழிகள் கிளை பிரிந்து போகின்றன. கரையெல்லாம் அலையாத்தி மரக் காடு. தண்ணீர் அதற்குள் புகுந்து வீணாகிறது. மரங்களை வெட்டி, கழிகளுக்குக் குறுக்கே கரை போட்டு அடைத்துவிட்டால், தண்ணீர் முழுக்க ஆற்றிலேயே நிற்கும். குப்பத்து ஜனங்கள் வேறு எங்காவது போய்ப் பிழைக்கட்டும்."

"கழிகளை அடைத்தால் ஆறு இன்னும் தூர்ந்துபோகும், அரசே" என்றார் வெண்காடர்.

"அமைச்சருக்குக் கண்டல்குப்பத்து நண்டின் மேல் ஆசை!" என்றார் ராயர். சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். பௌர்ணமியன்று வேலை தொடங்கட்டும் என்று உத்தரவும் போட்டுவிட்டார்.

சேதி குப்பத்துக்குப் போயிற்று. வலம்புரியாள் என்ற பெண் இறால் கூடையோடு அமைச்சர் வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"நெசந்தானாய்யா? நாங்க கழியில எறா தடவித்தான் ஒலை வைக்கிறோம். மீனு குஞ்சு வளக்கிறதே அந்த மரத்து வேருக்குள்ளதான். போன புயல்ல கடலு ஊருக்குள்ள வராம தடுத்ததும் அந்தக் காடுதானே? அதை வெட்டிட்டா நாங்க மட்டுமா போவோம்? உங்க தெருவும்தான் போவும்!"

 ராஜாவிடம் வாதாடினால் பிடிவாதம்தான் கூடும் என்பதை வெண்காடர் அறிவார். என்ன செய்வது என்று யோசித்தபடி வாசலில் நின்றார். கடல்காற்று மும்முரமாக வீசி, தெருவெங்கும் மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"அம்மா, எனக்கு ஓர் உதவி செய். நான் சொல்லும் வரைக்கும் உங்கள் ஆட்கள் யாரும் அரண்மனைக்கு முறையிட வர வேண்டாம்."

"மொறையிடாம இருந்தா ஞாயம் எப்படிய்யா கெடைக்கும்?"

"இந்த ஒரு தடவை அப்படித்தான் கிடைக்கும்."

மறுநாள், மக்கள் வந்து உட்காருகிற அரண்மனை முற்றங்களை எல்லாம் வெண்காடர் பூட்டினார். சில நாள் அரண்மனைப் பக்கம் வர வேண்டாம் என்று ஊராருக்கும் சொல்லி அனுப்பினார். ராஜாவுக்குத் தெரிந்தால் தலை போகும் என்று அவருக்குத் தெரியும்.  ராஜாவோ, சந்தடி இல்லாமல் சுகமாக இருக்கிறதே என்று தூங்கிக்கொண்டிருந்தார்.

பௌர்ணமி வந்தது. முதல் மரத்தை வெட்டுவதைப் பார்க்க ராஜா பல்லக்கில் புறப்பட்டார். வாசலில் மணல் மேடாகக் குவிந்து, கதவு பாதிதான் திறந்தது. பல்லக்குத் தூக்கிகளின் கால் புதைந்தது. பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய, ராஜாவின் கிரீடம் உருண்டு மணலில் விழுந்தது.

"வாசல் பெருக்குகிறவன் எங்கே?"

"இந்த வாசலை யாரும் பெருக்கியதே இல்லை, அரசே" என்றார் வெண்காடர்.

"அப்புறம் இத்தனை காலம் எப்படி வழி இருந்தது?"

"காலையில் ஜனங்கள் கூட்டமாக உள்ளே வருவார்கள், சாயங்காலம் திரும்புவார்கள். அந்தக் கால்கள்தான் மணலைத் தள்ளி வழியைக் காத்தன. நான் முற்றங்களைப் பூட்டினேன். உட்கார இடமில்லை, யாரும் வரவில்லை."

"என் குடிமக்களுக்குக் கதவடைத்தீரா? உம் தலை தப்பாது!"

வெண்காடர் மணலில் கிடந்த கிரீடத்தை எடுத்துத் துடைத்து நீட்டினார். குரல் நடுங்கவில்லை.

"தப்பாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். முகத்துவாரம் ஆற்றின் வாசல். கழிகள் அதன் முற்றங்கள். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து கழிகளில் தங்குகிறது. வற்றும்போது திரும்பி ஓடி, வாசலில் சேர்ந்த மணலையும் சேற்றையும் வாரிக்கொண்டு போகிறது. அந்த முற்றங்களைத்தான் ராயர் பூட்டச் சொல்கிறார்."

"அரண்மனை வேறு, ஆறு வேறு, அரசே!" என்று ராயர் பதறினார்.

"அப்படியா? ஆற்றையே போய்ப் பார்ப்போம்" என்று ராஜா மணலில் இறங்கி நடந்தார்.

வலம்புரியாளின் தோணியில் மூவரும் ஏறினார்கள். கடல் வற்றத் தொடங்கியிருந்தது. கழிகளிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் பாய்ந்து வந்து தோணியைக் கடல் பக்கம் இழுத்தது. ராஜா கையை விட்டு அள்ளினார். உள்ளங்கை நிறையச் சேறு.

"பாத்தீங்களா ராசா, எங்க கழிதான் உங்க ஆத்தைக் கழுவி விடுது."

கரையோரம் வரிசையாக மூங்கில் முளைகள் அடிக்கப்பட்டிருந்தன. "இது என்ன?" என்றார் ராஜா.

"கழியை அடைச்சதும் ராயரோட மச்சான் உப்பளம் போட எடம் பிடிச்சி வச்சிருக்காருங்க."

ராயர் தலையைக் குனிந்துகொண்டார். ராஜா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரி, என் கப்பல் எப்படித்தான் வருவது?" என்று கேட்டார்.

"தண்ணி ஏறுறப்ப வரச் சொல்லுங்க. நாங்க முன்னால தோணி விட்டு வழி காட்டுறோம். ஆத்துக்கு நடுவுல நட்ட எங்க வலைக் கம்பையும் பிடுங்கிடுறோம். எங்க பக்கமும் கொஞ்சம் தப்பு இருக்கு, ராசா."

ராஜா மரம் வெட்டும் உத்தரவை ரத்து செய்துவிட்டு, தன் முத்துமாலையைக் கழற்றி வெண்காடர் கழுத்தில் போட்டார். "தலையைக் கேட்டேன், மாலை தருகிறேன். இன்னும் என்ன வேண்டும்?"

"துறைமுகக் காரியங்களை முடிவு செய்கிற சபையில் குப்பத்துக்கு ஓர் இடம், அரசே."

"தந்தேன். ராயரே, உமக்கும் வேலை உண்டு. கடல் எப்போது ஏறுகிறது, எப்போது வற்றுகிறது என்று தினமும் கரையில் நின்று பார்த்து அந்தச் சபைக்கு வந்து சொல்லும். வெயிலுக்கு அலையாத்தி நிழல் இருக்கிறது."

அடுத்த தடவை கப்பல் வந்தபோது ராஜா கரையில் தவித்துக்கொண்டிருந்தார். "வரச் சொல்லட்டுமா?"

"இருங்க ராசா, தண்ணி இன்னும் ஏறணும்" என்றாள் வலம்புரியாள், தோணியில் நின்றபடி.

ராஜா உட்கார்ந்தார். அன்றிலிருந்து முகிலாபுரிக்கு வந்த கப்பல்களெல்லாம் முகத்துவாரத்துக்கு வெளியே நின்று, குப்பத்துத் தோணிக்காகக் காத்திருந்தன, ராஜாவின் கப்பலும்தான்.