நாணற்றுறையைக் கொளுத்தச் சொன்ன ராஜா

முன்னொரு காலத்தில் குன்றவள நாட்டை விசயதரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி.

அவனுடைய தம்பி ஒருநாள் பாதி நாட்டைக் கேட்டான். அண்ணன் கொடுக்கவில்லை. தம்பி கிழக்குக் கோட்டையைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நின்றான். ராஜாவின் படை போதவில்லை. அதனால் ஆயுதம் வைத்திருந்த கூட்டங்களை அவன் துணைக்குத் தேடினான்.

அப்படி இரண்டு கூட்டங்கள் இருந்தன. ஒன்று தீநோன்பிகள். கள் குடித்தவன் கையையும் கூத்துப் பார்த்தவன் கையையும் வெட்டுவது அவர்களுடைய விரதம். அவர்கள் கொடி கறுப்பு. மற்றொன்று மலைக்கூட்டம். வழிமறித்துப் பிடுங்குவது அவர்கள் பிழைப்பு. அவர்கள் கொடி மஞ்சள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒன்றையொன்று கண்டால் ஆகாது. ராஜா இன்றைக்கு இவர்களைக் கட்டிக்கொள்வான். கோபம் வந்தால் உதறிவிட்டு அவர்களைக் கட்டிக்கொள்வான். உதறப்பட்டவர்கள் தம்பியிடம் போவார்கள். அங்கே சோறு சரியில்லை என்றால் திரும்பி வருவார்கள்.

ஒருநாள் தளபதி கச்சிராயர் சபைக்கு வந்தார். மந்திரி உலகநம்பியின் ஆசனத்தின்மேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

"மகாராஜா, போன வாரம்தான் மலைக்கூட்டத்தை விரட்டிவிட்டுத் தீநோன்பிகளோடு கைகோத்தோம். ஆற்றோரத்து நாணற்றுறையில் இன்னும் மஞ்சள் கொடி பறக்கிறது. அந்த ஊர் இதுவரை நாலு தடவை கட்சி மாறியிருக்கிறது. நாலு தடவையையும் மந்திரி மூடிமறைத்தார்."

ராஜாவின் முகம் சிவந்தது. "அந்த ஊரைக் கொளுத்து."

உலகநம்பி மெல்ல எழுந்தார். "கொளுத்தலாம், அரசே. ஆனால் பெரிய குற்றவாளிக்கு முதலில் தண்டனை என்பது தங்கள் சட்டம். நாணற்றுறையைவிட அதிகம் கட்சி மாறியவர் ஒருவர் இந்தச் சபையிலேயே இருக்கிறார். முதலில் அவரைத் தண்டியுங்கள்."

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் வெல்லம். "யார் என்று நாளைக்குக் காட்டு. காட்டாவிட்டால் அந்த ஊரோடு உன் வீடும் எரியும்."

"சரி, அரசே."

மறுநாள் மந்திரி நாணற்றுறையிலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்தார். பெயர் மாராயி. அவளும் அவள் புருஷனும் துறையில் ஓடம் விட்டுவந்தார்கள். இப்போது அவள் மட்டும்தான் விடுகிறாள்.

"அம்மா, உங்கள் ஓடத்தில் யார் யார் போனார்கள், என்னென்ன போயிற்று, எல்லாம் உனக்குத் தெரியும். அதிகம் மாறியவர் யாரென்று சபைக்குச் சொல்" என்றார் மந்திரி.

மாராயி வாய் திறப்பதற்குள் கச்சிராயர் குறுக்கே வந்தார். "ஓடக்காரி பேச்சை எப்படி நம்புவது? அந்த ஈட்டிக்கட்டுகளை நான்தான் அனுப்பினேன் என்பதற்கு என்ன சாட்சி?"

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எந்த ஈட்டிக்கட்டு?" என்றான் ராஜா.

கச்சிராயர் மழுப்பப் பார்த்தார். கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. தீநோன்பிகள் எதிரிகளாக இருந்த நாளிலும் அரண்மனை ஈட்டிகளை அவர்களுக்கு அவர் கடத்தியிருக்கிறார். பார்த்தவர்கள் நாணற்றுறைக்காரர்கள். அதனால்தான் ஊரைக் கொளுத்த அத்தனை அவசரம். காவலர்கள் அவரை இழுத்துப்போனார்கள்.

ராஜா தொடையைத் தட்டினான். "சரியான ஆளைக் காட்டினாய், நம்பி."

"மன்னிக்க வேண்டும். நான் இவரைச் சொல்லவில்லை. இவர் சங்கதி எனக்கே இப்போதுதான் தெரியும்."

"பிறகு யாரைச் சொன்னாய்?"

மந்திரி மாராயியை முன்னே வரச் சொன்னார். அவள் பேசினாள்.

"நாங்களா மாறல சாமி. உங்க முரசு வந்து, தீநோன்பிங்க நம்ம ஆளுங்க, கறுப்புக் கொடி ஏத்துங்கன்னுச்சு. ஏத்தினோம். கள்ளு குடிச்சாருன்னு அவுங்க எம்புருசன் கைய வெட்டினாங்க. புண்ணு ஆறாமலே போய்ச் சேந்துட்டாரு. அப்புறம் முரசு வந்து மஞ்சக் கொடி ஏத்தச் சொல்லுச்சு. ஏத்தினோம். மறுக்கா கறுப்பு, மறுக்கா மஞ்சள். கொடிய எறக்கினதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கூட்டம் வந்து அடிச்சுது. நாலு தடவையும் உங்க முரசு சொன்னபடிதான். அஞ்சாவது தடவை நீங்க மாறினது எங்களுக்கு இன்னும் சேதி வரல. அதுக்குத்தான் கொளுத்தப் போறீங்கன்னு மந்திரி ஐயா சொன்னாரு."

ராஜா கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"ஊர் நாலு, நான் ஐந்து" என்றான். "பந்தயம் உன்னுடையது, நம்பி. எனக்கு என்ன தண்டனை?"

"அதை நாணற்றுறைதான் சொல்ல வேண்டும், அரசே."

மாராயி யோசித்தாள். "எங்க ஊர்ல வந்து கொஞ்சநாள் இருங்க சாமி. வேற ஒண்ணும் வேணாம்."

ராஜா சொன்ன சொல் தவறவில்லை. சாதாரண உடையில், இரண்டே காவலரோடு போய் மாராயி வீட்டுப் பக்கத்தில் ஒரு குடிசையில் தங்கினான். கூழ் குடித்தான். எரிந்துபோன வீடுகளின் சுவர்களைப் பார்த்தான். பிள்ளைகள் விளையாட்டில்கூட ஒருவன் கறுப்பு, ஒருவன் மஞ்சள் என்று பிரிந்து அடித்துக்கொண்டார்கள்.

ஒரு பகல் அக்கரையில் புழுதி எழும்பியது. குதிரைகள். ஊரே வேலையைப் போட்டுவிட்டுக் கரையில் வந்து நின்றது. கொடிக்கம்பத்தடியில் நின்றவனுடைய ஒரு கையில் கறுப்புத் துணி, மறு கையில் மஞ்சள் துணி. அவன் ராஜாவைப் பார்த்தான்.

"சாமி, வர்றது நம்ம ஆளுங்களா?"

ராஜா கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். சண்டையைத் தொடங்கியவன் அவன். இரண்டு கூட்டத்துக்கும் ஆயுதம் கொடுத்தவனும் அவன்.

"தெரியல" என்றான்.

அக்கரையில் வந்தவர்கள் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த வழியே திரும்பினார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ராஜா அன்றைக்கே மந்திரிக்கு ஆள் அனுப்பினான். மந்திரி மாராயியின் ஓடத்தில் ஆற்றைக் கடந்து, கிழக்குக் கோட்டையில் இருந்த தம்பியைப் போய்ப் பார்த்தார். பாதி நாடு தம்பிக்குப் போனது; சண்டை நின்றது. தீநோன்பிகள் காட்டுக்குள் போய் இன்னும் கொஞ்ச காலம் தொல்லை கொடுத்தார்கள். ஆனால் அந்தத் தை மாதம் நாணற்றுறைக்காரர்கள் தாங்கள் நட்ட நெல்லைத் தாங்களே அறுத்தார்கள்.