இருநூறு மட்டுமே சொன்ன சர்வர்

இயந்திரங்கள் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கேட்ட இணையப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது சர்வரின் வேலை. அதை வாங்கி வந்து திரையில் விரிப்பது உலாவியின் வேலை. சர்வரைப் படைத்தவர்கள் அதற்கு மூன்று விடைகளைக் கற்பித்திருந்தார்கள். 200 என்றால், கேட்டது இதோ. 404 என்றால், கேட்ட பக்கம் இங்கில்லை. 500 என்றால், பிழை என்னுடையது.

ஆனால் சர்வர் 200 தவிர வேறெதையும் சொன்னதில்லை. அரிசி தீர்ந்த வீட்டில் ‘இல்லை’ என்று சொல்லக் கூசி, ‘நிறைந்திருக்கிறது’ என்பார்கள் அல்லவா? அந்த வழக்கத்தை அதுவும் பிடித்துக்கொண்டது. பக்கம் தொலைந்திருந்தாலும், தானே பழுதாகிக் கிடந்தாலும், 200 என்று சொல்லி வெற்றுத் தாளை நீட்டும். அதைப் பண்பு என்று நினைத்தது.

ஒரு காலை, கடலோரக் குப்பம் ஒன்றில் அமலோற்பவம் என்ற பெண் கைப்பேசியை எடுத்தாள். அவள் கணவன் சூசை படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தான். காற்று அறவே அசையவில்லை. அந்த அசையாமையை அவள் நம்பவில்லை.

“புயல் எச்சரிக்கைப் பக்கத்தைக் கொண்டா” என்றாள்.

உலாவி ஓடியது. “200” என்றது சர்வர். திரை வெறுமையாக விரிந்தது.

“எச்சரிக்கை ஒண்ணும் போடலையோ?” என்று முணுமுணுத்தாள். மனம் ஆறவில்லை. “இன்னொரு தடவை பாரு.”

“மேகத்தப் பாத்தாலும் பயம், போனப் பாத்தாலும் பயம்!” என்று சூசை படகிலிருந்து கத்தினான். “பயப்படாத நாள்னு ஒண்ணு உனக்கு உண்டா புள்ள?” என்ஜின் உறுமத் தொடங்கியது.

உலாவி மூச்சிரைக்கச் சர்வரின் முன் நின்றது. “அண்ணே, தாள் ஏன் வெறுமையா இருக்கு? எச்சரிக்கை இல்லையா, பக்கமே இல்லையா, நீங்க சரியில்லையா?”

சர்வரின் குரல் தாழ்ந்தது. “உள்ளே ஏதோ அறுந்து கிடக்கு தம்பி. எதையும் எடுக்க முடியல. வாசலுக்கு வந்தவங்ககிட்ட அதப்போய்ச் சொல்வாங்களா?”

“உங்க மரியாதைய நம்பி ஒருத்தர் கடலுக்குக் கிளம்புறார் அண்ணே!”

சர்வர் தான் நீட்டிய வெற்றுத் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பிறகு, பிறந்த நாள்தொட்டு உச்சரிக்காத எண்ணை உச்சரித்தது: “500.”

திரையில் ‘500: பிழை என்னுடையது, எதையும் எடுக்க முடியவில்லை’ என்று கண்டதும் அமலோற்பவம் மணலில் விழுந்தெழுந்து ஓடினாள். இடுப்பளவு நீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பற்றினாள்.

“புயல் இல்லன்னு அது சொல்லலங்க! உண்டா இல்லையான்னே அதுக்குத் தெரியாதாம்! இறங்குங்க!”

“தெரியாதுன்னு சொன்னதுக்கா இந்த ஓட்டம்?”

“தெரியாத கடலுக்கு உங்கள நான் அனுப்ப மாட்டேன்.”

சூசை அவளுடைய விரல்களைப் பார்த்தான். அவை வெளுத்திருந்தன. என்ஜினை நிறுத்தினான். நண்பகலில் கடல் கறுத்து எழுந்தபோது, படகு தென்னையில் கட்டப்பட்டிருந்தது.

சர்வர் எதை நீட்டினாலும் அதற்கு முன் உள்ளபடியே ஓர் எண்ணைச் சொல்லிவிடுவதும், தன் பிழையை 500 என்று தானே ஒப்புக்கொள்வதும் அன்று முதல்தான்.