காவல்காரி சுருளியும் இனிப்புப் பூச்சிகளும்

காட்டோரக் குளக்கரையில் ஒரு சாத்துக்குடி மரம் இருந்தது. அதன் பொந்தில் எறும்புக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. கூட்டத்தின் காவல்காரி சுருளி. அந்த மரம்தான் அவளுக்கு வீடு, ஊர், உலகம் எல்லாம்.

ஒருநாள் காற்றோடு சில சின்னப் பூச்சிகள் வந்து சேர்ந்தன.

"நாங்க இருந்த நாரத்தை மரம் பட்டுப்போச்சு அக்கா! உங்க மரத்துக் கொழுந்துல ஒதுங்கிக்கட்டுமா? சும்மா வேண்டாம், இனிப்புத் தருவோம்!" என்றது ஒரு பூச்சி.

அது கொழுந்தில் வாய் வைத்துச் சாற்றை உறிஞ்சியது. பின்பக்கம் தேன் போல ஒரு துளி வந்தது. சுருளி நக்கிப் பார்த்தாள். சொக்கிப் போனாள்! இனிப்புத் தருபவரை உயிரைக் கொடுத்தாவது காப்பது எறும்புகளின் வழக்கம். நாரத்தை ஏன் பட்டுப்போனது என்று கேட்க அவளுக்குத் தோன்றவேயில்லை.

பொன்னி என்ற பொறிவண்டு பறந்து வந்தாள். "சுருளி, அதுங்க வாயில நோய் இருக்கு! நாரத்தையைக் கொன்னதே அதுதான். வழி விடு, நான் தின்னு முடிச்சிடறேன்."

"என் விருந்தாளி மேலயா கை வைக்கிறே?" சுருளி பாய்ந்து அவள் காலைக் கடித்தாள். பொன்னி வலியோடு பறந்து போனாள்.

அடுத்த பருவத்தில் ஒரு கிளை மட்டும் மஞ்சளித்தது. காய்கள் கோணலாய்ச் சிறுத்துக் கசந்தன. பயந்துபோன சுருளி பொன்னியைத் தேடி ஓடினாள்.

"அந்தக் கிளை ஒடிஞ்சு விழுந்துட்டா மரம் பிழைச்சுக்குமா?"

"எப்படிம்மா பிழைக்கும்? கொழுந்துல இறங்கின கிருமி, சாறு ஓடுற பாதையிலேயே வேருக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் இலை மஞ்சளாகும்."

சுருளி அழுதாள். ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடிப்போய்ப் பூச்சிகளைக் கடித்து விரட்டினாள்.

"ஐயோ, விரட்டாதே! நான் தின்னுக்கறேன்!" என்று பின்னாலேயே வந்த பொன்னி கத்தினாள். சுருளி கேட்டால்தானே!

பூச்சிகள் எழும்பிப் பறந்து, அக்கரையில் இருந்த இளம் எலுமிச்சையில் உட்கார்ந்தன. அங்கேயும் எறும்புகள் இருந்தன. அவை ஆசையாய் ஓடி வந்தன.

"சேர்க்காதீங்க! சேர்க்காதீங்க!" சுருளி தொண்டை கிழியக் கத்தினாள். எறும்பின் குரல் எவ்வளவு தூரம் போகும், பாவம்! எலுமிச்சையின் எறும்புகள் பூச்சிகளைச் சுற்றிக் காவல் நின்றன.

இனிப்புத் தருகிறவர் அதை யாருடைய உயிரிலிருந்து எடுக்கிறார் என்று பார்க்காமல் துணை போகிறவர், தம் வீட்டோடு பிறர் வீட்டையும் அழித்துவிடுவார்.